எங்கேயிருந்து என்று கேட்டவர்

தெரு நாய்களைக்கூட அவர் வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். தமிழை அவர் கற்றுக்கொண்டது பூக்காரப் பெண்ணிடமும் ஆட்டோக்காரரிடமும் தண்ணீர் கேன் போடுகிறவரிடமும். அவர்கள் எல்லோரும் அவரிடம் மரியாதையாகவே பேசினார்கள். ஆகவே யாரிடமும் எதனிடமும் அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மாடியில் காயப்போட்ட துணியைக் குரங்கு இழுத்தால், "ஐயோ, அது என்னுது, குடுங்க, தயவுசெஞ்சு குடுங்க" என்று கெஞ்சுவார். பெண்கள் எல்லோரும் அவருக்கு அக்கா. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், என்னையும் அக்கா என்றார். நான் திருத்தவில்லை. எனக்குத் தங்கை கிடையாது. கேட்க நன்றாக இருந்தது.

எங்கள் வீடு அடி அண்ணாமலைக்குச் சற்றுத் தள்ளி, புதிதாக மனை பிரித்த நகரில் இருக்கிறது. மாடியை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். குளிர்காலத்தில் வருவார்கள், தியானம் செய்வார்கள், பங்குனி வெயில் தொடங்கியதும் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். இந்த அம்மா மட்டும் போகவில்லை. "இந்த வெயில் எனக்குத் தெரிஞ்ச வெயில் அக்கா" என்றார். அமெரிக்காவில் ஏதோ ஒரு பாலைவனத்திலிருந்து வந்தவர். வற்றலான உடம்பு, மூக்கெல்லாம் வெயில் புள்ளிகள். இரண்டு செட் பருத்தி உடை, ஒரு சட்டி, ஒரு தட்டு. அவ்வளவுதான் குடித்தனம்.

அவர் அதிகம் பேசிய தமிழ்ச் சொல் 'எங்கேயிருந்து.' எதைக் கண்டாலும் அதைத்தான் முதலில் கேட்பார். கீரைக்காரம்மா வந்து கூடையை இறக்குவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"கீரை எங்கேர்ந்து?"

"தோட்டத்துலேர்ந்துதாம்மா."

"எந்தத் தோட்டம்?"

"கீழ்பென்னாத்தூர் பக்கம்."

"அங்க தண்ணி எங்கேர்ந்து வருது?"

கீரைக்காரம்மா என்னைப் பார்த்து, "இந்தம்மாவுக்கு வித்து முடிக்கறதுக்குள்ள கீரையே முத்திப்பூடும்" என்பார். தெருப் பிள்ளைகள் அவருக்கு 'எங்கேர்ந்தம்மா' என்று பெயர் வைத்தார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்த்துக் கையசைப்பார். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

என் கணவருக்குத் தேரடி வீதியில் வீட்டு உபயோகப் பொருட்கள் கடை. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், குக்கர். கடையில் இடம் போதாமல் எங்கள் கீழ்வீட்டின் முன்னறைதான் குடோன். கூரை வரை அட்டைப்பெட்டிகள். நாங்கள் பக்கவாட்டில் நடந்துதான் உள்ளே போவோம். ஒருநாள் அவர் அந்தப் பெட்டிகளின் முன்னால் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். பெட்டியில் அச்சிட்டிருந்த ஊர்ப் பெயரைப் படித்துச் சொன்னேன்.

"அது இல்ல அக்கா. ஒரு வீட்டுல மூணு மிக்ஸி இருக்கு. இன்னும் ஒண்ணு வேணும்னு வர்றாங்க. அந்த 'வேணும்' எங்கேர்ந்து வருது?"

"பக்கத்து வீட்லேர்ந்து" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. அதன் பிறகு வாரம் ஒரு தடவையாவது என்னைப் பார்த்து, "பக்கத்து வீட்லேர்ந்து" என்று சொல்லிச் சிரிப்பார். என் பேச்சுக்கு ஒருவர் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. கணவர் காலையில் கடைக்குப் போனால் இரவுதான் வருவார். மகன் அருண் வீட்டில் இருந்தாலும் கைப்பேசிக்குள் இருப்பான். மாலையில் மாடிப்படியில் உட்கார்ந்து இவரோடு பேசுவது ஒன்றுதான் எனக்கு என்று இருந்த நேரம்.

பாலைவனம் என்றால் மணல்மேடு என்று நினைத்திருந்தேன். அவர் இருந்த இடம் கல் என்றார். சிவப்புக் கல்லைத் தண்ணீர் காலங்காலமாக அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளத்தாக்கு. சில இடங்களில் இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுமாம். சுவர் ராஜகோபுரத்து உயரம் போகும். அடியில் நின்று அண்ணாந்தால் வானம் ஒரு தலைப்பின்னல் ரிப்பன் அளவுக்குத்தான் தெரியும். அங்கே ஒரு தகர வண்டியை வீடாக்கிக்கொண்டு மகனோடு வாழ்ந்திருக்கிறார். கடைக்குப் போக அரைநாள். ரேடியோவில் ஒரு நிலையம், அதுவும் பாதி நேரம் இரைச்சல்.

"தேர்தல் எல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். எங்கள் தெருவில் அப்போது பிரசார வண்டிகள் வர ஆரம்பித்திருந்தன.

"பாதி தெரியும். யார் நிக்கறாங்கன்னு கேக்கும், என்ன சொல்றாங்கன்னு கேக்காது. அது நல்லது." ஓட்டுப் போடுவதற்காக அம்மாவும் மகனும் வெகுதூரம் வண்டி ஓட்டிப் போவார்களாம். சாவடியில் ஆளே இருக்க மாட்டார்கள். போட்டுவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்புவார்கள். "ஐஸ்கிரீமுக்குத்தான் அவன் வருவான்" என்றார்.

எல்லாப் பொருளும் எங்கேயிருந்தோ வருகிறது என்பதை அந்தப் பள்ளத்தாக்குதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது போலிருக்கிறது. வெள்ளம் வந்து வடிந்த பிறகு வளைவுகளில் போய்ப் பார்ப்பார்களாம். யாருடையதென்றே தெரியாத டயர், குழந்தை நாற்காலி, ஒருமுறை மரக்கிளையில் ஃபிரிட்ஜ் கதவு. பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலப் பாதையில் என்னோடு நடந்தபோது, கிடந்த செருப்புகளையும் தண்ணீர் பாட்டில்களையும் பார்த்து, "இங்கயும் அதேதான். வெள்ளம் மட்டும் வேற" என்றார்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு வேடிக்கையாக இருந்தது. காய்ந்த ஓடையைத் தாண்ட வேண்டுமென்றால் நின்றுவிடுவார். ஆடு மேய்கிற, கிரிக்கெட் ஆடுகிற, பொட்டு ஈரமில்லாத ஓடை. "மேற்கே மழையா?" என்று யாரையாவது கேட்டுவிட்டுத்தான் காலை வைப்பார். எங்கள் தெரு ஆட்டோக்காரரின் சம்பந்தி வீடு ஜவ்வாது மலை அடிவாரத்தில். அந்தச் சம்பந்திக்குப் போன் செய்யும்படி ஆட்டோக்காரரிடம் இவர் அடிக்கடி சொல்வார். "யம்மா, அவரு சம்பந்தியா, வானிலை ஆபீஸா?" என்று ஆட்டோக்காரர் சலித்துக்கொள்வார். ஆனால் போன் செய்வார்.

காரணத்தை ஒரே ஒரு தடவை சொன்னார். படியில் உட்கார்ந்து நாங்கள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தோம்.

"அவனுக்கு உங்க அருண் வயசு. கீழ நடந்து போறேன்னான். நான் வானம் பாத்தேன். நீலம். ஒரு மேகம் இல்ல. போன்னு சொன்னேன்."

நான் உரிப்பதை நிறுத்திவிட்டேன். அவர் நிறுத்தவில்லை.

"மழை வேற எடத்துல அக்கா. ரொம்ப தூரம். எனக்கு அங்க கேக்கணும்னு தோணலை. தண்ணி வர்றதுக்கு முன்னாடி காத்து வரும். குளிர் காத்து. ஈரமண் வாசனை. மேல நின்னு எனக்கு அது வந்துச்சு. நல்லா இருக்குன்னு நினைச்சேன்."

அதன் பிறகு அந்த ஊரில் அவருக்கு யாரும் இல்லை. "அங்க கல்லு இருக்கு. மனுஷங்க இல்ல. கடைசி வரைக்கும் நான் இங்கயே இருக்கணும். நீங்க மாடியை வேற யாருக்கும் குடுக்காதீங்க" என்றார். கொடுக்கமாட்டேன் என்றேன்.

அருண் பொறியியல் படித்துவிட்டுச் சும்மா இருந்தான். கடையில் உட்காரச் சொன்னால் கோபம் வரும். அந்தத் தேர்தலில் ஒரு கட்சியின் சமூக வலைதள அணியில் சேர்ந்தான். படம் எடுப்பது, பாட்டுச் சேர்த்துப் போடுவது, கூட்டத்துக்கு ஆள் வருவதற்கு வேன் ஏற்பாடு செய்வது. ஒன்றியச் செயலாளருக்கு அவன்மேல் பிரியம். அவரை எல்லோரும் 'ஒன்றியம்' என்றே சொல்வார்கள். முதலில் ஒரு கைப்பேசி வந்தது. பிறகு வாசலில் ஒரு புது பைக் நின்றது. நானும் கணவரும் அது எங்கிருந்து என்று கேட்கவில்லை. அவர் கேட்டார்.

"ஒன்றியம் குடுத்தாரு ஆன்ட்டி."

"ஒன்றியத்துக்கு எங்கேர்ந்து?"

"ஆன்ட்டி, நீங்க பேசாம பறக்கும் படையில சேர்ந்துடுங்க. நல்லா ரெய்டு உடுவீங்க."

அவர் சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை. எங்கள் கடைக்கு அப்போது குக்கருக்குப் பெரிய ஆர்டர் வந்திருந்தது. முன்னறையில் அருணும் சிநேகிதர்களும் உட்கார்ந்து ஒவ்வொரு குக்கர் மூடியிலும் தலைவர் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினார்கள். என் கணவர் டீ வாங்கிக் கொடுத்தார். மகனும் அப்பாவும் சேர்ந்து ஒரு வேலை செய்ததை வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். நான் எதையும் கேட்காமல் இருந்ததற்கு அதுவும் காரணம்.

பெரிய கூட்டத்தை ஏரி உள்வாயில் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். காய்ந்த ஏரியைவிட விசாலமான மைதானம் கிடையாது. அன்று பிற்பகல் மாடியிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டார். நம் தலைக்கு மேலே வானம் பளிச்சென்று இருந்தது. மேற்கே மலைகளுக்கு அப்பால் மட்டும் கருத்திருந்தது. ஆட்டோக்காரரை விட்டுச் சம்பந்திக்குப் போன் போடச் சொன்னார். மத்தியானத்திலிருந்து கொட்டுகிறது என்றார் சம்பந்தி.

"அருண் எங்க?"

"ஏரியிலதான். காலையிலேயே போயிட்டான்."

"ஏரிக்குள்ளயா?"

"காஞ்ச ஏரிம்மா. அதுல தண்ணி பாத்து எத்தனையோ வருஷமாச்சு."

அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார், செருப்பில்லாமல். நானும் ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோக்காரர் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். "யம்மா, அந்த ஏரிக்குத் தண்ணி வரணும்னா வரத்துக் கால்வாய் இருக்கணும்ல? கால்வா மேலதான் நம்ம நகரே நிக்குது. தண்ணி எந்தப் பக்கமா வரும், ஆட்டோ புடிச்சா?" அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மனதில் நிற்கவில்லை.

ஏரி நிறைய ஜனம். வேன்கள் வரிசையாக நின்றன. பிரியாணிப் பொட்டலம் வாங்கிய பெண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் இன்னும் வரவில்லை. மேடையில் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். அப்போது காற்று வந்தது. குளிர்ந்த காற்று, ஈரமண் வாசனையோடு. புழுங்கிக்கொண்டிருந்த கூட்டம் 'அப்பாடா' என்றது. பக்கத்தில் ஒரு பெண் முந்தானையை விரித்துக் காற்று வாங்கினாள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

ஓடினார். மேடைக்குப் பக்கத்தில் நின்ற அருணின் மணிக்கட்டைப் பிடித்தார். "மேல வாங்க அருண், கரைக்கு வாங்க." அவன் உதறினான். "ஆன்ட்டி, விடுங்க. எல்லாரும் பாக்கறாங்க." அவர் ஒரு கணம் நின்றார். பிறகு மேடையில் ஏறி, பாடியவர் கையிலிருந்த மைக்கை வாங்கினார். "எல்லாரும் எழுந்திருங்க. என்கூட வாங்க. சீக்கிரம் வாங்க."

கூட்டம் விசில் அடித்தது. "வெள்ளைக்காரம்மாவே நம்ம பக்கம்டா!" என்று யாரோ கத்தினார்கள். நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் உயர்ந்தன. மேடையில் யார் ஏறினாலும் துண்டு போர்த்துவது கட்சிக்காரர்களின் கைப்பழக்கம். ஏறியவர் யார், எதற்கு வந்தார் என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள். ஒன்றியம் எழுந்து, வாயெல்லாம் பல்லாக, கட்சிக் கரை போட்ட துண்டை அவர் தோளில் போர்த்திக் கும்பிட்டார். கழுத்தில் துண்டோடு, கையில் மைக்கோடு, அவர் 'என்கூட வாங்க' என்று அழுதுகொண்டிருந்தார்.

யாரும் எழவில்லை. கடைசியில் இறங்கிவந்து அருணை மட்டும் இழுத்துக்கொண்டு நடந்தார். எழுபது வயதுக்காரரிடம் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவன் திட்டிக்கொண்டே, கால் தடுக்கிக்கொண்டே கூடப் போனான். ஏரிக்கரையின் மேல் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். கீழே பாட்டு மறுபடி தொடங்கியது. தண்ணீர் வரவில்லை. இரண்டு தூறல் விழுந்து நின்றது. தலைவர் வந்தார், பேசினார், போனார். அருண் அவமானத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவர் அவன் கையை விடவேயில்லை.

நாங்கள் திரும்பியபோது எங்கள் தெருவில் முழங்கால் அளவு செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மேற்கு மலைகளிலிருந்து இறங்கிய வெள்ளம், தன் பழைய பாதையைத் தேடி எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தது. என் கணவர் குக்கர் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மாடிக்கு ஏறாமல் அவர் படியிலேயே நின்று அதைப் பார்த்தார். "இங்கயா" என்று மட்டும் சொன்னார். விடிவதற்குள் வடிந்துவிட்டது. தெருவில் யாருக்கும் ஒன்றுமில்லை. சேற்றைக் கழுவிவிட்டுவிட்டு எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தார்கள். அதில் அவர் இருந்தார்.

துண்டு போர்த்திய அந்தக் காட்சியை எதிர்க்கட்சிக்காரர்கள் வெட்டிப் போட்டிருந்தார்கள். வெளிநாட்டுக்காரி பிரசாரம் செய்கிறாள் என்று புகாரும் கொடுத்தார்கள். விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அவர் அந்தத் துண்டைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். "இதைத் திருப்பிக் குடுக்கணும். யார்கிட்ட குடுக்கறது?" என்று அவர்களிடமே கேட்டார். ஒரு அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மா, விசாவுல வந்தவங்க தேர்தல் மேடையில ஏறினா விஷயம் பெருசு. இவங்க பிரசாரத்துக்கு வரல, அந்தத் தம்பியக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தாங்கன்னு அந்தத் தம்பியே வந்து சொல்லட்டும். நாங்க மேல எடுத்துச் சொல்லிப் பாக்கறோம். இல்லைன்னா ஊருக்குக் கெளம்ப வேண்டியதுதான்."

அருணிடம் சொன்னேன்.

"ஒன்றியம் வாயத் தெறக்கக் கூடாதுன்னுட்டாரும்மா. வெள்ளைக்காரம்மாவே வந்தாங்கன்னு ஊரெல்லாம் நமக்கு நல்ல பேச்சு. அத நாமளே போய் இல்லைன்னு சொல்லணுமா?"

"அவங்க போயிடுவாங்கடா. அங்க அவங்களுக்கு யாரும் இல்ல."

"ஒரு பைத்தியம் வந்து என்ன தரதரன்னு இழுத்துட்டுப் போச்சுன்னு நானே எழுந்து சொல்லணும். அப்புறம் எனக்குப் பதவி குடுப்பாங்களா? சிரிப்பாங்க."

அப்போதுதான் அந்த மகனைப் பற்றி அவனிடம் சொன்னேன். நீல வானத்தைப் பற்றி, அந்தக் காற்றைப் பற்றி. அவன் கடைசி வரை கேட்டான். கண் கலங்கியது போலத்தான் இருந்தது. எழுந்து முகம் கழுவினான், சட்டை மாற்றினான், பைக்கை எடுத்தான். அதிகாரியைப் பார்க்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். சுவாமி படத்துக்கு விளக்குக்கூட ஏற்றினேன். சாயங்காலம் எங்கள் தெரு வழியாகப் பிரசார ஊர்வலம் போனது. முன்னால் போன பைக் அவனுடையது.

அவர் புறப்பட்ட காலையில் கார் வாசலில் நின்றது. ஒரே ஒரு பை. சட்டியையும் தட்டையும் மாடியிலேயே வைத்துவிட்டார். அருண் உள்ளே தன் அறையில் இருந்தான். கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. வாசலுக்கு வந்து, "என் பையன் இப்படிப் பண்ணுவான்னு நான் நினைக்கல. அவன் பண்ணது" என்று ஆரம்பித்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் நான் தேடிய வருத்தம் அதில் இல்லை.

"அருண் கரைக்கு மேல வந்தாரு இல்ல அக்கா? கையைப் புடிச்சேன். வந்தாரு. எனக்கு அது போதும்."

கார் கிரிவலப் பாதைக்குத் திரும்பும் வரை நின்றேன். உள்ளே வந்தபோது அருண் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். போயிட்டாங்களா என்று கேட்டான். போயிட்டாங்க என்றேன். தட்டை வைத்துத் தோசை போட்டேன். கைப்பேசியைப் பார்த்தபடி சாப்பிட்டான். மணிக்கட்டில் அவர் விரல் பட்ட இடம் இன்னும் லேசாகக் கன்றியிருந்தது. கைகால் நலமாக, மூச்சு சீராக, என் மகன் என் எதிரில் உட்கார்ந்திருந்தான். எனக்கு அவனிடம் கேட்பதற்கு ஒன்றுமே தோன்றவில்லை. இன்னொரு தோசை போடட்டுமா என்று கேட்டேன்.